எண்ணப்பட்டவர்கள்: இரு குடியரசுகளின் தொடக்க வருடங்கள் குறித்து

திட்டக்குடியில் மாதம் ஒருமுறை கூடுகிற எங்கள் வாசிப்பு வட்டத்தில் அமெரிக்கக் குடியரசின் முதல் அரை நூற்றாண்டைப் பற்றிப் பேச்சு வந்தது. பிரான்சு, ரஷ்யா, சீனா என்று நமக்கு மனப்பாடமான புரட்சிகளின் வரிசையில் அமெரிக்காவுக்கு இடம் கிடையாது. ஏகாதிபத்தியமாகத்தான் அதை அறிவோம், குடியரசாக அறிந்ததில்லை. அன்று இளைய தோழர் ஒருவர் கொதித்துப்போய்ச் சொன்னார்: 'கறுப்பு ஜனங்கள முழு மனுஷனாகூட எழுதலயே தோழர், அஞ்சுல மூணு பங்குன்னுல்ல எழுதி வச்சிருக்கான்!'

கோபம் நியாயமானது. ஆனால் வாசிப்பு தலைகீழ். 1787ல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தபோது அடிமைகளை முழு ஆளாக எண்ணச் சொன்னவர்கள் அவர்களுடைய எஜமானர்கள்தாம். எண்ணவே கூடாது என்று வாதாடியவர்கள் அடிமைகள் குறைவாக இருந்த வடபகுதிக்காரர்கள். காரணம் சிக்கலானதல்ல. பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது தலைக்கணக்கைப் பொறுத்தது. அடிமைக்கு ஓட்டு கிடையாது. அவன் தலையை எண்ணிக் கிடைக்கிற இடத்தில் போய் உட்காரப்போகிறவர் அவனுடைய எஜமானர். அந்தப் பேரம் கடைசியில் ஐந்துக்கு மூன்று என்று படிந்தது. இந்த உபரி எண்ணிக்கை மட்டும் இல்லையென்றால் 1800 தேர்தலில் ஜெஃபர்சன் ஜனாதிபதி ஆகியிருக்க மாட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆக, முழு ஆளாக எண்ணியிருந்தால் அடிமைக்கு இன்னும் மோசமாகப் போயிருக்கும். எண்ணப்படுவது ஒன்று, தேர்ந்தெடுப்பது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் குடியரசுகள் கட்டப்படுகின்றன என்பது என் வாதம். அமெரிக்காவைவிட நம் தென்னாற்காட்டை விளங்கிக்கொள்ளவே இந்த வாதம் எனக்குத் தேவைப்படுகிறது.

முதலில் அங்கே நடந்ததைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1790ல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் அந்த நாட்டின் ஜனத்தொகை சுமார் 39 லட்சம். அதில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். அதே வருடம் பாட்டக்கெட் என்ற ஊரில் சாமுவேல் ஸ்லேட்டர், இங்கிலாந்தில் தொழில் படித்துவந்த அனுபவத்தைக் கொண்டு, தண்ணீர் விசையால் நூல் நூற்க வைத்தார். மூன்று வருடம் கழித்து, 1793ல், எலி விட்னி பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் இயந்திரத்தைச் செய்தார். (கடலூர்க்காரர்களுக்கு ஒரு கொசுறு: விட்னி பட்டம் வாங்கியது யேல் கல்லூரியில். 1690ல் நம் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவர் அனுப்பிய சரக்கை விற்ற பணத்துக்கு நன்றியாகத்தான் கல்லூரிக்கு அந்தப் பெயர். சரக்கில் துணிமூட்டைகளும் இருந்தன.) இயந்திரம் வந்தால் அடிமை முறை தானாக உதிர்ந்துவிடும் என்று நம்பியவர்கள் அன்றும் உண்டு. நடந்தது எதிர்மாறு. கொட்டை பிரிப்பது சுலபமானதும் பருத்தி விளைவிக்க இன்னும் நிலம் வேண்டும், இன்னும் ஆள் வேண்டும் என்று ஆனது. 1860 கணக்கில் அடிமைகள் மட்டுமே 39 லட்சத்துக்கு மேல். அதாவது குடியரசு பிறந்த காலத்தில் மொத்த நாட்டின் ஜனத்தொகை எவ்வளவோ, அவ்வளவு பேர் அடிமைகள். நிலத்துக்காகப் பூர்வகுடிகளை மிஸ்ஸிஸிப்பிக்கு மேற்கே விரட்டும் சட்டம் 1830ல் நிறைவேறியது. அதில் கையெழுத்துப் போட்ட ஆண்ட்ரூ ஜாக்சன், 'சாமானியனின் ஜனாதிபதி' என்று புகழப்பட்டவர்.

அவர் காலத்தில் ஓட்டுரிமை பரவியது என்பதும் உண்மை. சொத்து இருந்தால்தான் ஓட்டு என்ற விதி மாநிலம் மாநிலமாக விழுந்தது. யாருக்கு விழுந்தது என்று பார்க்க வேண்டும். நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், 1807ல் பறித்துவிட்டார்கள். நியூயார்க்கில் 1821ல் வெள்ளை ஆண்களுக்குச் சொத்து நிபந்தனையை எடுத்தபோது, கறுப்பு ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்று வைத்தார்கள். பென்சில்வேனியாவில் 1838ல் 'வெள்ளையர்' என்ற ஒற்றைச் சொல்லைச் சட்டத்தில் செருகி, அதுவரை சில இடங்களில் ஓட்டுப் போட்டுவந்த கறுப்பர்களையும் வெளியே தள்ளினார்கள். அதே வருடம் மே மாதம் பிலடெல்பியாவில் அடிமை ஒழிப்பாளர்கள் கட்டிய மண்டபத்தைத் திறந்த சில நாட்களுக்குள் கும்பல் கொளுத்திவிட்டது. மேலே ஒரு படி ஏறியவன் கீழே இருப்பவனின் ஏணியை எடுத்துவிடுவது நமக்கொன்றும் புதிதில்லை.

லோவெல் நகரத்து ஆலைப் பெண்களை மட்டும் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். 1820களில் விவசாயக் குடும்பங்களிலிருந்து இளம்பெண்களைக் கூட்டிவந்து, விடுதியில் தங்கவைத்து, மணியடித்தால் எழும்பி மணியடித்தால் படுக்கிற வாழ்க்கையைப் பழக்கினார்கள். 1834ல் கூலியைக் குறைத்தபோதும் 1836ல் விடுதிச் செலவை ஏற்றியபோதும் அவர்கள் தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். நாங்கள் சுதந்திரக் குடியானவர்களின் மகள்கள், அடிமைகள் ஆகமாட்டோம் என்பதே அவர்கள் முழக்கத்தின் சாரம். அவர்கள் கையில் ஓடிய பருத்தியை எடுத்தவர்கள் அடிமைகள். பெண்களுக்கு ஓட்டில்லை, அடிமைகளுக்கும் இல்லை. ஆனால் இருவர் தலையும் கணக்கில் உண்டு.

இப்போது இங்கே. 1946 தேர்தல் வரை தென்னாற்காட்டில் ஓட்டு என்பது தீர்வை ரசீதோ படிப்போ வைத்திருந்தவர்கள் சமாச்சாரம். 1952ல் ஒரே வீச்சில் இருபத்தொரு வயதான எல்லோருக்கும் வந்தது. அமெரிக்காவில் ஆண் பெண் கறுப்பு வெள்ளை என்று நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இழுத்தடித்த விஷயம் இங்கே ஒரு ஜனவரி மாதத்தில் முடிந்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலம் வரவில்லை, கூலி வரவில்லை, கோயில் திறக்கவில்லை. ஓட்டு முதலில் வந்துவிட்டது. வந்த ஓட்டு என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

முதல் பலனை அறுத்தவர்கள் சிறு விவசாயிகளான வன்னியர்கள். எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 19 சட்டமன்ற இடங்களை வென்றது, மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6. மொத்தம் 375ல் காங்கிரசுக்கு 152தான் என்பதால் இந்த எண்ணிக்கைக்குப் பெரிய மதிப்பு வந்தது. மாணிக்கவேலு ராஜாஜி மந்திரிசபையில் சேர்ந்தார், படையாட்சி 1954ல் காமராஜர் மந்திரிசபையில் சேர்ந்தார். ஏர் பிடித்தவன் கோட்டைக்குள் நுழைந்தது பெரிய மாற்றம்தான். இதை நான் குறைத்துச் சொன்னால் அது சாதி விரோதம் ஆகிவிடும், ஆய்வாகாது. ஜாக்சன் காலத்துச் சிறு விவசாயியும் நேற்றுவரை இளக்காரமாக நடத்தப்பட்டவன்தான். அவன் எழுந்தபோது அவனுக்குக் கீழே இருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற அதே கேள்வியைத்தான் இங்கும் கேட்கிறேன்.

சேரிக்கு வந்த ஏற்பாடு இரட்டை உறுப்பினர் தொகுதி. இன்றைய இளைஞர்களுக்கு இது தெரிய நியாயமில்லை என்பதால் விளக்குகிறேன். 1952ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 309 தொகுதிகள். அவற்றில் 66 தொகுதிகளில் தலா இரண்டு உறுப்பினர்கள். ஒரு இடம் பொது, மற்றது பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. வாக்காளருக்கு இரண்டு சீட்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் போடக்கூடாது. சிதம்பரத்தில் இப்படித்தான் வாகீசம் பிள்ளையும், 1916ல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தாவும் சேர்ந்து வென்றார்கள். கடலூர் நாடாளுமன்றத் தொகுதியில் உழைப்பாளர் கட்சியின் கோவிந்தசாமி கச்சிராயரும், காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து வந்த காங்கிரசின் எல். இளையபெருமாளும்.

வெள்ளாற்றுக் கரைச் சேரி ஒன்றில், இப்போது உயிரோடு இல்லாத பெரியவர் ஒருவர் அந்த முதல் தேர்தலைப் பற்றி என்னிடம் சொன்னது: 'ரெண்டு சீட்டு குடுத்தாங்க. ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு ஒங்களுக்குன்னு ஆண்ட சொன்னாரு. எங்களுக்குன்னு நின்ன ஆளு யாருன்னும் ஆண்டதான் சொன்னாரு.' பூனா ஒப்பந்தத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. 1932ல் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, இடம் சேரிக்கு, தேர்வு எல்லோருக்கும் என்று ஆனது. பட்டியல் சாதியினர் மட்டுமே ஓட்டுப் போட்டு நால்வரை முன்மொழிகிற முதல்கட்டத் தேர்தல் ஒன்று பத்து வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சுதந்திரக் குடியரசில் அதுவும் இல்லை.

இரட்டைத் தொகுதி ஏன் போயிற்று என்ற கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1957ல் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் முன்னாள் மத்திய மந்திரி வி.வி. கிரி பொது இடத்துக்கு நின்றார். எண்ணிப் பார்த்தால் ஒரு பழங்குடி வேட்பாளர் தனி இடத்தைப் பிடிக்க, இன்னொரு பழங்குடி வேட்பாளர் கிரியைவிடக் கொஞ்சம் கூடுதல் ஓட்டு வாங்கிப் பொது இடத்தையும் எடுத்துக்கொண்டார். கிரி வழக்குப் போட்டார். தனி இடத்துக்கு மனுப் போட்டவர் பொது இடத்தை வெல்லத் தடையில்லை என்று 1959ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1961ல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது. நிர்வாகக் காரணங்களும் சொல்லப்பட்டன. தொகுதி பெரிது, செலவு அதிகம் என்று. இருக்கலாம்.

அதன்பிறகு வந்ததுதான் இன்றைய தனித் தொகுதி. 2008 மறுவரையறையில் உருவான திட்டக்குடி சட்டமன்றத் தொகுதியும் அதில் ஒன்று. பட்டியல் சாதியினர் கணிசமாக இருக்கும் இடம் பார்த்துத் தனித் தொகுதி ஆக்குகிறார்கள். கணிசம்தான், பாதி இல்லை. கடலூர் மாவட்டம் முழுதும் சேர்த்தால் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, தொகுதி தனி ஆவதற்குச் சேரியின் தலைக்கணக்கு காரணம். யார் ஜெயிப்பது என்பதற்கு ஊரின் சம்மதம் காரணம். ஐந்துக்கு மூன்றையும் இதையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே ஓட்டே கிடையாது. இங்கே ஓட்டு இருக்கிறது, உறுப்பினரும் சேரியிலிருந்துதான் வருகிறார். ஆனால் தலைக்கணக்கு ஓரிடத்திலும் முடிவு வேறிடத்திலும் இருக்கிற அந்தக் கட்டமைப்பு இரண்டிலும் உறவுடையது. இளையபெருமாள் 1952லிருந்து மூன்று முறை நாடாளுமன்றத்துக்குப் போனவர். 1965ல் அவர் தலைமையில் தீண்டாமை பற்றிக் குழு போட்டார்கள், 1969ல் அறிக்கை கொடுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் செய்யக்கூடிய வேலையை அவர் செய்தார். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு அரசை நிர்ப்பந்திக்கிற பலம் மட்டும் அவரைத் தேர்ந்தெடுத்த ஏற்பாட்டில் இல்லை.

தொழிற்சாலைக்கு வருகிறேன். நம் லோவெல் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டப்போய்த் தெரியவந்த பழுப்பு நிலக்கரிக்காக 1956ல் கம்பெனி பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961ல் நிலக்கரி வெளிப்பட்டது, 1962ல் சோவியத் உதவியோடு மின்சாரம். நிலம் எடுக்க 1953ல் மாகாண அரசு தனிச் சட்டமே போட்டிருந்தது. எந்த வருடம் நிலத்தை எடுத்தாலும் 1947 ஏப்ரல் 28ந் தேதி என்ன விலையோ அதுதான் நஷ்டஈடு என்றது அந்தச் சட்டம். நிலச் சொந்தக்காரர்கள் வழக்காடினார்கள். 1964ல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் வழக்காடப் பட்டா வேண்டும். அந்த முந்திரிக் காட்டிலும் கொல்லையிலும் கூலிக்கு இருந்தவன், நிலம் போன அன்றே பிழைப்பும் போனவன், எந்தத் தாக்கீதிலும் பெயராக வரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நேர்மையில்லை. எண் போட்ட வட்டங்களாக அமைந்த அந்த நகரியத்தில் வேலைத் தரத்தைப் பார்த்துத்தான் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள், சாதியைப் பார்த்து இல்லை. சேரியிலிருந்து போய் நிரந்தர வேலை கிடைத்தவன் வீட்டுக்குப் பக்கத்து வீடு யாருடையதாகவும் இருக்கலாம். ஓட்டு செய்யாததைச் சம்பளம் கொஞ்சம் செய்தது. அதனால்தான் நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பிரிவு அங்கே இவ்வளவு உக்கிரமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சம்பள வித்தியாசம் மட்டுமில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காகக் கதிர் வந்த நெல்லுக்குள் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். அப்போதும் பேச்சு ஏக்கருக்கு எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலும் நின்றது. நடவு நட்ட பெண்களுக்கு ஏக்கர் ஏது.

1999ஐப் பேசாமல் இதை முடிக்க முடியாது. அந்த வருடம் சிதம்பரம் தனித் தொகுதியில் தொல். திருமாவளவன் முதல்முறை நின்றார். வென்றவர் பாட்டாளி மக்கள் கட்சி வேட்பாளர், அவரும் தலித். தொகுதி 1967லிருந்து தனித் தொகுதிதான், தலித் ஒருவர் எம்.பி. ஆவதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. ஆனாலும் அந்தத் தேர்தல் நாளில் பல சேரிகள் தாக்கப்பட்டன, குடிசைகள் எரிந்தன, ஓட்டுப் போடப் போனவர்கள் அடிபட்டார்கள். சேரி தன் ஆளைத் தானே பார்த்து நிறுத்திக்கொண்டது என்பதுதான் புதிது. இருபது வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளன்று அதே தொகுதியின் பொன்பரப்பியில் வீடுகள் நொறுக்கப்பட்டன. அந்த முறை திருமாவளவன் 3,219 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்த இளைய தோழர் திரும்பவும் கேட்டார்: 'பிலடெல்பியால மண்டபத்த கொளுத்துனவங்களுக்கு ஓட்டு இருந்துச்சா தோழர்?' பெரும்பாலானவர்களுக்கு இருந்திருக்கும் என்றேன். வெள்ளை ஆண், வரி கட்டுகிறவன் என்றால் அங்கே அப்போது ஓட்டு உண்டு. 'அப்ப அவங்க எதுக்குப் பயந்தாங்க?' என்றார். பஸ் வந்துவிட்டது.