ஒரு நாட்டின் நெசவையே படம்பிடித்து வைத்த பெண்மணி... தெரியுமா?

ஊர் ஊராகப் போய், பெட்டிகளில் மடித்துக் கிடந்த பழந்துணிகளை எல்லாம் விரித்துப் பார்த்துப் படமாகப் பதிவு செய்தார் ஒரு பெண்மணி. மொத்தம் எத்தனை படங்கள் தெரியுமா? சுமார் 24,000! வேலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 56. முடித்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார்!

அவர் பெயர் லில்லி சிக்கர்மன். 1858-இல் ஸ்வீடனில் பிறந்தவர். அப்போது வந்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள்தானே? துணிக்கு நிறம்தானே உயிர்? அதனால் பல படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். எந்த ஊர்த் துணி, எந்த முறை நெசவு என்ற குறிப்புகளும் கூடவே உண்டு. 1914-இல் தொடங்கிய இந்த வேலை 1930-களின் தொடக்கம் வரை நடந்தது. நடுவில் ஓர் உலகப் போரே வந்து போய்விட்டது!

அப்படி என்ன அவசரம்? ஆலைத்துணி மலிவாக வந்து குவிந்த காலம் அது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளிலேயே ஸ்வீடனிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருந்தார்கள். பாட்டிக்குத் தெரிந்த நெசவு பேத்திக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்த நெசவுக்கு ஓர் உதாரணம் பாருங்கள். ஸ்வீடனின் தெற்கே ஸ்கோனே என்றொரு மாகாணம். அங்கே தேவாலயத்துக்கோ கல்யாணத்துக்கோ புறப்பட்டால், வண்டியின் பலகையில் போட்டு உட்காரவே தனியாக ஒரு மெத்தை நெய்வார்கள்! ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அவ்வளவுதான். அதற்குள் பறவை, மான், சிங்கம், எட்டு இதழ் நட்சத்திரம், சிலவற்றில் உரியவரின் பெயரெழுத்தும் வருடமும்கூட! உட்காருகிற மெத்தைக்கு இத்தனை அலங்காரமா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டின் கௌரவமே அதில்தான் இருந்தது.

இந்த மெத்தைகளில் காணப்படும் ஒரு நெசவுக்கு ரோலாகன் என்று பெயர். சிவப்பு ஊடை முடிந்து நீல ஊடை தொடங்கும் இடத்தில் இரண்டு நூலையும் ஒன்றோடொன்று கோத்து வாங்குவார்கள். அதனால் நிறம் மாறுகிற இடத்தில் துணியில் கீறல் விழாது. ஸ்கோனே நெசவில் இந்தக் கோப்பு இரட்டை. முன்பக்கம் மழமழவென்றிருக்கும், பின்பக்கம் தடவினால் கோப்பு ஒவ்வொன்றும் வரப்பாகக் கையில் தட்டுப்படும்! லில்லி பல பாகங்களாக எழுதத் திட்டமிட்ட பெரும் நூலில் வெளிவந்தது ரோலாகன் பற்றிய பாகம் மட்டும்தான். அது வந்த 1937-இல் அவருக்கு வயது 79!

படமெடுத்ததோடு நின்றாரா என்றால், அதற்கு முன்பே, 1899-இல், ஸ்வீடிஷ் கைத்தொழிலுக்கென்று ஒரு சங்கத்தையே தொடங்கிவிட்டார். கிராமத்துப் பெண்கள் வீட்டில் நெய்ததைத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் விற்றது அந்தச் சங்கம். கைவேலைக்குக் கூலி கிடைத்தால்தான் கைவேலை பிழைக்கும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள்! மார்த்தா மோஸ் ஃபியெட்டர்ஸ்ட்ரோம் என்ற இளைய கலைஞர், மால்மோ பகுதிக் கைத்தொழில் சங்கத்தில் பொறுப்பில் இருந்தார். மரபு வடிவங்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறார் என்று 1911-இல் அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். அவரை அழைத்து வேலை கொடுத்தவர் யார் தெரியுமா? பழமையைக் கட்டிக்காத்த அதே லில்லிதான்! விட்ஷோ என்ற சிற்றூரில் இருந்த நெசவுப் பட்டறையை அவர் கையில் ஒப்படைத்தார். மார்த்தா அங்கே தேறி, 1919-இல் போஸ்டாட் என்ற கடலோர ஊரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். 1941-இல் இறப்பதற்குள் நூற்றுக்கணக்கான விரிப்பு வடிவங்களைப் படைத்துவிட்டார். பழைய மெத்தைகளின் பறவையும் பூவும் அவர் கையில் புதுசாகப் பூத்தன. மரபை அப்படியே பூட்டி வைத்திருந்தால் இந்த மார்த்தா நமக்குக் கிடைத்திருப்பாரா?

லில்லி 1949-இல், தொண்ணூறைக் கடந்த வயதில், அதே விட்ஷோவில் காலமானார். அவர் திரட்டிய படங்கள் ஸ்டாக்ஹோமின் நோர்டிஸ்கா அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. போஸ்டாட் பட்டறையில் நூறு ஆண்டு கழிந்தும் மார்த்தாவின் விரிப்புகளைக் கைத்தறியில்தான் நெய்கிறார்கள்.