கண்தசை வாதமும் நோய் கூறும் தமிழும்

திருக்குறளின் 58ஆம் அதிகாரத்திற்குக் 'கண்ணோட்டம்' என்று பெயர். ஒருவர்மீது கண் ஓடுவதே அவர்பால் இரக்கம் கொள்வது என்னும் கருத்து அச்சொல்லின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. நோக்குதல், ஏறிடுதல், கடைக்கண், ஓரக்கண் எனக் கண்ணின் அசைவைச் சுட்டும் சொற்கள் தமிழில் மிகுதி. ஆயினும் கண் அசைய மறுக்கும் நிலையைச் சொல்ல நேரும்போது, நம்முள் பலர் 'கண் மங்கலாக இருக்கிறது' என்ற ஒரே தொடரோடு நின்றுவிடுகிறோம். அத்தொடர் மருத்துவரின் கவனத்தை வேறு திசையில் செலுத்திவிடக்கூடும். கண்ணை அசைக்கும் தசைகள் செயலிழக்கும் நோயை விளக்குவதும், அதனை வழுவின்றிச் சொல்லத் தமிழில் உள்ள சொற்களை எடுத்துக்காட்டுவதும் இவ்வுரையின் நோக்கங்கள்.

ஆறு தசைகள், மூன்று நரம்புகள்

ஒவ்வொரு கண்விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றுள் நான்கு நேர்தசைகள், இரண்டு சாய்தசைகள். இவற்றை மூளையிலிருந்து வரும் மூன்று கபால நரம்புகள் இயக்குகின்றன. மூன்றாம் நரம்பு நான்கு தசைகளையும், மேலிமையை உயர்த்தும் தசையையும் ஆள்கிறது. நான்காம் நரம்பு ஒரு சாய்தசையை மட்டும் ஆள்கிறது. அத்தசையின் நாண், கிணற்றுக் கப்பியில் கயிறு திரும்புவதுபோல் ஒரு சிறு வளையத்தின் வழியே திரும்பிச் செல்கிறது. ஆறாம் நரம்பு, கண்ணைக் காதுப்பக்கமாகத் திருப்பும் தசைக்கு உரியது.

நரம்பிலோ, தசையிலோ, அவ்விரண்டும் கூடும் இடத்திலோ பழுது நேர்ந்தால் கண்ணின் அசைவு குன்றும். அதனையே கண்தசை வாதம் என்கிறோம். பக்கவாதம், முகவாதம் என்னும் சொற்களில் பயிலும் 'வாதம்' இங்கும் செயலிழப்பையே குறிக்கிறது. முகவாதத்தோடு இதனைக் குழப்புதல் கூடாது. இமையை மூடும் தசை ஏழாம் நரம்புக்கு உரியது. ஆகவே முகவாதத்தில் இமை மூடாது. மூன்றாம் நரம்பு பழுதுற்றாலோ இமை திறக்காது.

மங்கலும் இரட்டையும்

இரு கண்களும் ஒரே பொருளை நோக்கினால்தான் மூளை இரு படிமங்களையும் ஒன்றாக்கிக் காட்டும். ஒரு கண் பிசகி நின்றால் பொருள் இரண்டாகத் தெரியும். இது மங்கல் அன்று. மங்கலில் பொருளின் விளிம்பு கலைகிறது. இரட்டைப் பார்வையில் ஒரு பொருள் இரு பொருளாகிறது.

நம் பினாங்கில் இவ்வேறுபாடு மேலும் ஒரு தடையைக் கடக்க வேண்டியுள்ளது. பாட்டி தமிழில் சொல்வதைப் பேரப்பிள்ளை மலாயில் மருத்துவருக்கு மொழிபெயர்க்கும் காட்சி நமக்குப் புதிதன்று. 'ரெண்டு ரெண்டாத் தெரியுது' என்ற தெளிவான கூற்று, 'காபுர்' என்ற ஒரு சொல்லாகச் சுருங்கினால் நோயின் முதல் அடையாளமே மறைந்துவிடும்.

இவ்விடத்தில் ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். பின்னர் அதனைத் திறந்து மற்றக் கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை நீங்கிவிடுமாயின் இரு கண்களும் ஒருசேர நோக்கவில்லை என்பது பொருள். ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்போதும் இரட்டை நீடித்தால், பெரும்பாலும் அந்தக் கண்ணின் வில்லையிலோ முன்புறப் படலத்திலோ குறை இருக்கும். கண்புரையும் அவ்வாறு காட்டுவதுண்டு.

மூவகைக் கூற்று

நோயாளியின் வாக்கியமே பழுதுற்ற நரம்பை ஓரளவு சுட்டிவிடும். 'தூரத்து வண்டி பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிகிறது' என்பது பெரும்பாலும் ஆறாம் நரம்பின் குறி. 'படி இறங்கும்போதும் படிக்கும்போதும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறது' என்பது நான்காம் நரம்பை நினைவூட்டும். அந்நோயாளி தலையை ஒருபுறம் சாய்த்தே நிற்பதும் உண்டு. மூன்றாம் நரம்பில் இமை முழுதும் சரிந்து கண்ணை மறைப்பதால், அவர் இரட்டையைச் சொல்லவே மாட்டார். இமையை விரலால் உயர்த்திய பின்னரே அது புலப்படும். 'பக்கத்தில்', 'ஒன்றன்மேல் ஒன்றாக', 'இறங்கும்போது' போன்ற சிறு சொற்கள் இங்கு இன்றியமையாதவை.

இனிப்பு நீரும் கண்மணியும்

மலேசியாவில் 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வு, பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நாம் 'இனிப்பு நீர்' என்று வழங்கும் இந்நோய், நரம்புக்குக் குருதி கொணரும் நுண்குழாய்களைக் கெடுத்துக் கண்தசை வாதத்தை உண்டாக்கக்கூடும். அவ்வாறு நேரும் வாதம் பெரும்பாலும் சுமார் மூன்று மாதங்களில் தணிகிறது.

ஆனால் மூன்றாம் நரம்பு கண்மணியைச் சுருக்கும் நுண்ணிழைகளையும் ஏந்திச் செல்கிறது. இமை சரிந்து, கண்மணி விரிந்து, கடுந்தலைவலியும் சேர்ந்தால், மூளைக் குருதிக்குழாயில் தோன்றிய புடைப்பு அந்நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அது வெடிக்குமாயின் உயிர்க்கே ஆபத்து. ஆதலால் 'சர்க்கரையால் வந்திருக்கும்' என்று வீட்டிலேயே முடிவு கட்டுதல் தகாது. புதிதாகத் தோன்றும் எந்த இரட்டைப் பார்வையும் அன்றே மருத்துவமனைக்கு உரியது.

உறக்கம் எனத் தோன்றும் வாதம்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கட்டுவிரியன் கடி பெரிதும் இரவில், தரையில் உறங்குவோர்க்கு நேர்கிறது. மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியிலும் அதன் இனப் பாம்பு ஒன்று வாழ்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ ஏறக்குறைய இராது. சில மணி நேரத்தில் இமைகள் சரியும்; விழிகள் அசையா; பின்னர் விழுங்குதலும் மூச்சும் தடைப்படும். 'கண் சொருகுகிறது, தூக்கம்' என்று சுற்றத்தார் எண்ணிவிட்டால் உயிர் காக்கும் நேரம் கழிந்துவிடும். உள்ளே அவர் நினைவோடுதான் இருக்கிறார்; இமையைத் தூக்கும் ஆற்றலே போயிற்று. 'உறங்குகிறார்' என்பதும் 'இமை திறக்க முடியவில்லை' என்பதும் இருவேறு செய்திகள். பின்னதைக் கேட்ட மருத்துவர் நச்சுமுறி மருந்துக்கும் மூச்சுக்கருவிக்கும் ஆயத்தமாவார்.

நச்சு தாக்கும் இடம், நரம்பு தசைக்குக் கட்டளை தரும் சந்தி. அதே சந்தியைத் தாக்கும் தசைச்சோர்வு நோயிலும் இமை சரிவதுண்டு. அது காலையில் தெளிந்து மாலையில் மிகும் இயல்புடையது. 'எப்போது?' என்னும் வினாவுக்கு நோயாளி தரும் விடையே அங்குத் துப்பு.

சொல்வளம் நமக்குப் புதிதன்று

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 'இரண வைத்தியம்', 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' ஆகியன அவர் முயற்சியால் தோன்றிய நூல்கள். அவருடைய கலைச்சொற்களில் பல இன்று வழக்கிறந்தன. எனினும் உடலின் நுண்ணிய உறுப்புகளையும் தமிழில் வழுவின்றிச் சொல்ல இயலும் என்பதற்கு அந்நூல்கள் சான்றாக நிற்கின்றன.

வழக்குச் சொற்களையும் நாம் ஆய்ந்து பயன்படுத்த வேண்டும். மாறுகண், ஒன்றரைக்கண் என்பன பெரிதும் இளமையிலேயே தோன்றும் பிசகைக் குறிப்பவை. சிறுவயதில் மூளை ஒரு படிமத்தைப் புறக்கணித்துவிடுவதால் குழந்தைக்கு இரட்டை தெரிவதில்லை. கவனிக்காவிடில் அக்கண்ணின் பார்வையே குன்றும். 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்ற பேச்சு அக்குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய மருத்துவத்தைத் தள்ளிப்போடுகிறது. பட்டப்பெயராக ஆளப்படும்போதோ அச்சொல் குழந்தையை வகுப்பறையிலிருந்தே ஒதுக்கிவிடுகிறது.

ஆசிரியர்கள் கட்டுரைப் பயிற்சிகளுள் ஒன்றாக 'நோய் கூறுதல்' என்பதையும் சேர்க்கலாம். என்ன தெரிகிறது, எப்பக்கம் பார்க்கும்போது, எந்நேரத்தில், ஒரு கண்ணை மூடினால் என்ன ஆகிறது என்னும் நான்கு வினாக்களுக்கு மாணவர் தமிழில் விடை எழுதட்டும். பின்னர் அதனையே மலாயில் பொருள் குறையாமல் பெயர்த்தெழுதட்டும். பாட்டிக்குத் துணையாகப் பொது மருத்துவமனைக்குச் செல்லும் பிள்ளை, அன்று அவருடைய வாக்கியத்தைச் சிதையாமல் கொண்டுசேர்க்கும்.