வீட்டுக்காரர் எங்கே?

முன்பெல்லாம் குடியிருப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கும் சண்டை முகத்துக்கு முகம் நடந்தது. திருவல்லிக்கேணி ஒண்டுக் குடித்தனத்தில் வீட்டுக்கார அம்மாள் கிணற்றுக் கயிற்றை எடுத்து ஒளித்துவிட்டால், யார் ஒளித்தது என்பதாவது தெரிந்திருந்தது. கூடத்தில் நின்று நாலு வார்த்தை உரக்கப் பேசலாம். இப்போதோ சண்டை போடுவதற்கு ஆளே அகப்படுவதில்லை.

நாம் குடியிருப்பது சென்னையில் நாற்பது வீடுகள் கொண்ட ஓர் அடுக்கு மாளிகை. ('மாளிகை' என்பது விளம்பரத்தில் கண்ட சொல், நம்முடையதன்று.) சொந்தக்காரர்களில் பலர் கடல் கடந்து வாழ்கிறார்கள். வாடகைக்கு விடுவது, வசூலிப்பது, பழுது பார்ப்பது எல்லாம் ஒரு கம்பெனியின் பொறுப்பு. இம்மூன்றில் வசூலிப்பதில் மட்டும் அவர்களைக் குறை கூறவே முடியாது. ஐந்தாம் தேதி விடிவதற்குள் கைப்பேசியில் ஞாபகக் கடிதம் வந்துவிடும். ஆறாம் தேதி அபராதம்.

சென்ற ஐப்பசி மழையில் நம் படுக்கையறைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மேலே மொட்டை மாடியில் தட்டோடுகள் பெயர்ந்திருந்தன. கம்பெனிக்குத் தெரிவித்தோம். உடனே ஒரு புகார் எண் கிடைத்தது. பத்து நாளில் ஒரு பையன் வந்து ஈரத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனான். மறுநாள் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது! அண்ணாந்து பார்த்தோம், ஈரம் முறத்தளவுக்கு வளர்ந்திருந்தது. மறுபடியும் புகார், மறுபடியும் எண். இவ்விதம் நான்கு எண்கள் சேர்ந்தன. தொலைபேசியில் அழைத்தாலோ, நல்ல சங்கீதம் கேட்கும். மனிதக் குரல் கேட்காது.

கான்கிரீட்டுக் கூரைக்குள் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. நீர் ஊறினால் அவை துருவேறும். துரு, இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். ஆகையால் உள்ளிருந்தபடியே காரையைப் பிளந்து கீழே தள்ளிவிடும். தை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் அதுதான் நடந்தது. பெரிய தாம்பாளத்தளவு காரை, நம் தாயார் தினமும் அந்நேரத்தில் படுத்திருக்கும் கட்டிலின் தலைமாட்டில் விழுந்தது. அன்று அவர் பக்கத்து வீட்டுக் கொலுசுத் தகராறு ஒன்றைத் தீர்த்துவைக்கப் போயிருந்தார். வம்பு பேசப் போகிறாரே என்று அதுவரை அவரிடம் குறைப்பட்டுக் கொண்டிருந்தோம். அன்று முதல் விட்டுவிட்டோம்.

இதற்குச் சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. யுத்த காலத்தில், 1941-ல் பிறந்த வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு, 1946, 1949, 1960 ஆகிய வருஷங்களில் சட்டங்களாக வளர்ந்தது. அவற்றுக்குப் பதிலாக வந்த 2017-ம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. குழாய் வாஷர், மின்விசைப் பொத்தான், கதவுக் கைப்பிடி முதலியவை குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடத்தின் அமைப்பைச் சேர்ந்த பழுதும், வெள்ளையடிப்பும், மின்கம்பி மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அதன் அட்டவணை பிரித்துக் கூறுகிறது. அவர் செய்ய மறுத்தால் குடியிருப்பவரே செய்துவிட்டுச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆனால் மொட்டை மாடி நம்முடையதா? நாற்பது வீட்டுக் கூரையை ஓர் உபாத்தியாயர் சம்பளத்தில் பூசுவது எங்ஙனம்?

வீட்டுக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, மறைப்பானேன்? பம்பாயில் 1947-ம் வருஷத்துச் சட்டம் பழைய வாடகைகளை 1940-ம் வருஷ அளவிலேயே கட்டிப்போட்டது. வரும்படி அற்பமாகவே, சொந்தக்காரர்கள் கட்டடங்களைக் கைவிட்டார்கள்; அவை இடிந்து விழத் தொடங்கின. 1969-ல் சர்க்காரே வரி வசூலித்துப் பழுது பார்க்கச் சட்டம் செய்ய நேர்ந்தது. ஆனால் நம் கம்பெனியார் அந்தச் சாக்குச் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் வாடகையை உயர்த்தத் தவறியதில்லை.

1915-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்ததை மாணவர்களுக்கு நாம் சொல்வதுண்டு. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்ததும் வாடகை ஏறிற்று. ஸ்ரீமதி மேரி பார்பர் முதலிய பெண்கள் கூடுதல் வாடகை தர மறுத்தனர். வெளியேற்ற வந்த சேவகர்களைக் கண்டதும் மணியடித்து அண்டை வீட்டாரை அழைத்து, மாவுருண்டைகளால் அபிஷேகம் செய்தனர். நவம்பருக்குள் சுமார் 20,000 குடும்பங்கள் சேர்ந்துகொண்டன. டிசம்பரில் வாடகை உயர்வைத் தடுக்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது.

நம் மொட்டை மாடியில் கூட்டம் போட்டபோது நாற்பது வீட்டிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள். "நமக்கேன் ஸார் பொல்லாப்பு? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது?" என்றார் கீழ்வீட்டு நண்பர். அந்நியன் ஆட்சியையே எதிர்த்த தேசத்தில், ஒரு வாடகைக் கம்பெனியின் முன்னால் இவ்வளவு நடுக்கமா! ஆயினும் அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. முன்பணம் முழுவதும் கம்பெனியாரிடம் இருக்கிறது.

பதினொரு கையெழுத்துடன், விழுந்த காரையின் படத்தையும் இணைத்து, கம்பெனிக்கும் வாடகை அதிகாரிக்கும் ரிஜிஸ்தர் தபால் அனுப்பினோம். ஐந்தாம் நாள் ஓர் இன்ஜினீயர் நேரிலேயே வந்தார். தட்டோடு வேலை தொடங்கிப் பாதி மாடி முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்குச் சிமெண்டு வரவில்லையாம். தாயார் கூடத்தில் படுத்துக்கொள்கிறார். நேற்று, அதே கீழ்வீட்டு நண்பர் படியேறி வந்து, "அடுத்த கடிதம் எப்போது ஸார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.