மலைமேல் டெலிபோன் இழுத்த ரேஞ்சர்! - இரண்டு உயிர்களைப் பறித்த இரவும், அதன் பிறகு மாறிய சிகரமும்

1925, ஜனவரி 12. அதிகாலை 4 மணி.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் லாங்ஸ் பீக் சிகரத்தின் உச்சியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். உயரம் 14,259 அடி. வெப்பநிலை சுமார் மைனஸ் 26 டிகிரி செல்சியஸ். ஆளையே தள்ளிவிடும் காற்று. குளிர்காலத்தில் அந்தச் சிகரத்தின் செங்குத்தான கிழக்கு முகம் வழியாக உச்சியைத் தொட்ட முதல் மனிதர்கள் அவர்கள்தான். ஆனால், அந்தச் சாதனையைக் கொண்டாடும் தெம்பு இருவரிடமும் இல்லை. முதல் நாள் தொடங்கிய ஏற்றம், இரவு முழுக்க நீண்டிருந்தது.

ஒருவர் ஆக்னஸ் வேல். டென்வர் நகர வர்த்தக சபையின் செயலாளர். முதல் உலகப் போரின்போது பிரான்ஸ் சென்று செஞ்சிலுவைச் சங்கத்தில் சேவை செய்தவர். மலையேற்றத்தில் தேர்ந்தவர். இன்னொருவர் வால்டர் கீனர். சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்.

இருவரும் வடக்கு முகம் வழியாக இறங்கத் தொடங்கினார்கள். அங்கேதான் ஆக்னஸின் கால் வழுக்கியது. பனிச்சரிவில் நூறு அடிக்கும் மேல் சறுக்கிப் போய் விழுந்தார். பெரிய காயம் இல்லை. ஆனால், உடலில் இருந்த கடைசிச் சொட்டுச் சக்தியும் தீர்ந்துபோயிருந்தது. அதற்கு மேல் அவரால் நடக்க முடியவில்லை. தூக்கிச் செல்லும் நிலையில் கீனரும் இல்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டு, உதவி தேடிக் கீழே ஓடினார் கீனர்.

ஓடித்தான் ஆக வேண்டும். அந்த மலையில் போன் கிடையாது. அந்த உயரத்தில் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூடக் கிடையாது.

காப்பாற்றப் போனவரும் திரும்பவில்லை

இருவரும் திரும்பாததால் பதறிப்போன தோழி எலினோர் எப்பிச் ஏற்கெனவே உதவி கேட்டிருந்தார். அடிவாரத்தில் இருந்த லாங்ஸ் பீக் விடுதியிலிருந்து நான்கு பேர் புயலுக்குள் கிளம்பினார்கள். அவர்கள் யாரும் பயிற்சி பெற்ற மீட்புப் படையினர் அல்லர். ஆபத்து என்றதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த சாதாரண மனிதர்கள்.

பாதி வழியில் கீனர் அவர்களைச் சந்தித்தார். கைகால்கள் உறைந்த நிலையிலும் வழிகாட்டுவதற்காக மறுபடியும் மேலே திரும்பினார். குளிர் தாங்காமல் நால்வரில் சிலர் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஜேக்கப் கிறிஸ்டென்சன் என்பவர் மட்டும் கீனருடன் கடைசி வரை சென்றார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆக்னஸ் உயிருடன் இல்லை.

சோகம் அதோடு முடியவில்லை. பாதியில் திரும்பிய ஹெர்பர்ட் சார்ட்லேண்ட் என்ற இளைஞர் விடுதிக்கு வந்து சேரவே இல்லை. பனிப்புயலில் வழி தவறிவிட்டார். பல வாரங்கள் கழித்து, பிப்ரவரி இறுதியில்தான் அவரது உடல் கிடைத்தது. அதுவும் விடுதிக்கு வெகு அருகில்!

கீனர் உயிர் பிழைத்தார். ஆனால், பனிக்கடியால் கைவிரல்களில் பலவற்றையும் கால்விரல்களையும் இழந்தார்.

ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் ரேஞ்சர் ஜாக் மூமாவும் மலைக்கு விரைந்தார். ஆனால், அங்கே காப்பாற்றுவதற்கு யாரும் இல்லை. உடலைக் கீழே இறக்கும் வேலைதான் மிச்சமிருந்தது. வானிலை கொஞ்சம் வழிவிடும் வரை, அதற்கும் சில நாள்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

யார் இந்த ஜாக் மூமா?

1892-ல் பிறந்தவர் மூமா. ராக்கி மலைத் தேசியப் பூங்கா 1915-ல்தான் உருவானது. அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறை தொடங்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு. அதாவது, மூமா ரேஞ்சராகச் சேர்ந்த 1920-களின் தொடக்கத்தில், 'ரேஞ்சர் என்றால் என்ன வேலை?' என்பதற்கே இன்னும் முழுமையான விடை கிடையாது.

காட்டுத் தீயை அணைப்பதும் அவர்தான். கள்ள வேட்டைக்காரர்களைப் பிடிப்பதும் அவர்தான். பாதையில் விழுந்த மரத்தை வெட்டி அகற்றுவது, அறுந்த டெலிபோன் கம்பியை ஒட்டுவது, குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு தன்னந்தனியாக ரோந்து போவது என எல்லாமே ரேஞ்சர் தலையில்தான். ஹெலிகாப்டர் கிடையாது. வாக்கி டாக்கி கிடையாது. யாராவது மலையில் மாட்டிக்கொண்டால், போகப்போவது அவரும், கூப்பிட்ட குரலுக்கு வரும் ஊர்க்காரர்களும்தான்.

மூமாவுக்கு மலை என்றால் பயம் கிடையாது. 1922 செப்டம்பரில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கணித மேதை ஜேம்ஸ் அலெக்ஸாண்டர், லாங்ஸ் பீக்கின் கிழக்கு முகத்தில் ஒரு பாறைப் பிளவு வழியாகத் தனியாக ஏறிக் காட்டினார். அடுத்த சில நாள்களிலேயே அதே பிளவில் அவருடன் சேர்ந்து ஏறினார் மூமா. இன்றைக்கும் 'அலெக்ஸாண்டர்ஸ் சிம்னி' என்று அழைக்கப்படும் வழி அது.

அப்படிப்பட்டவராலும் 1925 ஜனவரியில் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவரிடம் வீரம் குறைவாக இருந்ததால் அல்ல. தகவல் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கோடையில் நடந்த மீட்புப் பணி

அப்போது பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்தவர் ரோஜர் டோல். அவரும் ஒரு மலையேற்றக்காரர். 'இனி இப்படி நடக்கக் கூடாது' என்பதற்காகப் போடப்பட்ட திட்டத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. போன், கேபிள், கூரை.

முதல் இரண்டும் மூமாவின் பொறுப்பில் வந்தன. 1925 கோடையில் வேலை தொடங்கியது.

லாங்ஸ் பீக்கில் சுமார் 12,700 அடி உயரத்தில் 'போல்டர்ஃபீல்டு' என்ற இடம் இருக்கிறது. பெயருக்கேற்ப, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாறாங்கற்கள் இறைந்து கிடக்கும் வெளி. குதிரைகள் போகக்கூடிய கடைசி எல்லை அதுதான். அதுவரை டெலிபோன் கம்பி இழுக்க வேண்டும். மரங்கள் இருக்கும் வரை பிரச்னை இல்லை. சுமார் 11,000 அடிக்கு மேல் மரமே முளைக்காது. அதற்கு மேல் வெறும் பாறையும் காற்றும் மின்னலும்தான். அந்த உயரத்தில் மூச்சு வாங்காமல் பத்தடி நடப்பதே கஷ்டம். அங்கேதான் கம்பிச்சுருளோடு மல்லுக்கட்டினார்கள்.

அடுத்தது கேபிள். ஆக்னஸ் வழுக்கி விழுந்த அதே வடக்கு முகத்தில், செங்குத்தான வழுக்குப் பாறையில் துளை போட்டு, வளையம் வைத்த தடித்த இரும்பு போல்ட்டுகளை இறக்கினார்கள். அவற்றின் வழியாக எஃகுக் கேபிள்களைக் கோத்தார்கள். இனி அந்த இடத்தில் கால் வழுக்கினாலும் கை பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும்.

மூன்றாவதாக, கூரை. 1927-ல் 'கீஹோல்' என்ற கணவாய் அருகே, தேன்கூடு வடிவத்தில் ஒரு சின்னக் கல் குடிசை எழுந்தது. ஆக்னஸின் குடும்பம் அவர் நினைவாகக் கட்டிக்கொடுத்தது அது. போல்டர்ஃபீல்டிலும் அதே ஆண்டு ஒரு தங்கும் குடில் வந்தது. வழிகாட்டிகள் அங்கேயே தங்கி, ஏற வருபவர்களைக் கவனித்துக்கொண்டார்கள்.

மலை மீட்பு என்றதும், புயலில் கயிறு கட்டி இறங்கும் காட்சிதான் நம் மனதில் வரும். மூமா அந்தக் கோடையில் செய்தது அதற்கு முந்தைய வேலை. விபத்து நடந்து முடிந்து, பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போன பிறகு, வெயிலில் பாறையைத் துளைக்கும் வேலை. யாரைக் காப்பாற்றுகிறோம் என்பது அவருக்கே தெரியாது. கேபிளைப் பிடித்துப் பத்திரமாக இறங்கியவருக்கும், தான் காப்பாற்றப்பட்டது தெரியாது!

கேபிள் போனது... போல்ட்டுகள் இருக்கின்றன

கேபிள் வந்ததும் அந்த வழி பிரபலமானது. 'கேபிள்ஸ் ரூட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய அனுபவம் இல்லாதவர்களும் ஏறத் தொடங்கினார்கள். கூட்டம் கூடியது. ஆபத்தைக் குறைக்கப் போட்ட கம்பி, மலையை எளிதானது என்று நம்பவும் வைத்தது. போல்டர்ஃபீல்டு குடிலின் கதை வேறு. அடியில் இருந்த பனி நிலத்தையே நகர்த்தியதால் கட்டடம் ஆட்டம் கண்டு, 1930-களிலேயே பிரிக்கப்பட்டது. மலையை அதன் இயல்பிலேயே விட வேண்டும் என்ற எண்ணம் வலுத்த காலத்தில், 1973-ல் கேபிள்களும் கழற்றப்பட்டன.

ஆனால், போல்ட்டுகளில் சில இன்னும் பாறையில் இருக்கின்றன. வடக்கு முகத்தில் இறங்குபவர்கள் அவற்றில்தான் கயிற்றைக் கோத்து இறங்குகிறார்கள்.

கீனர் அந்த மலையை வெறுக்கவில்லை என்பதுதான் ஆச்சர்யம். விரல்களை இழந்த பிறகு, அதே பூங்காவில் காட்டுத் தீ கண்காணிப்பாளராக வேலை பார்த்தார். பிறகு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தார். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட களம், லாங்ஸ் பீக்கின் உயரத்தில் வளரும் செடிகள்!

மூமா இருபது ஆண்டுகளுக்கும் மேல் ரேஞ்சராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு, 1963-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். 1975-ல் மறைந்தார். பூங்காவில் இருக்கும் ஒரு பனியாறு, 'மூமா பனியாறு' என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

லாங்ஸ் பீக் இன்றும் ஆபத்தான மலைதான். இதுவரை 60-க்கும் மேற்பட்டோர் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். இப்போது பயிற்சி பெற்ற மீட்புக் குழு இருக்கிறது. ஹெலிகாப்டர் வருகிறது.

கீஹோல் அருகே அந்தக் கல் குடிசையும் அப்படியே நிற்கிறது. திடீரென்று மின்னல் வெட்டும்போது, மேலே போகலாமா, திரும்பிவிடலாமா என்று குழம்பும் பலர் அதற்குள் ஒதுங்கி நிற்பதுண்டு. அங்கே இருக்கும் பலகையில் ஆக்னஸின் பெயரும், அவரைக் காப்பாற்றப் போய்த் திரும்பாத சார்ட்லேண்டின் பெயரும் இருக்கின்றன.