மரம் ஏறும் முறைகள்: பாரமற்ற கருவிகளும் காப்புக் கயிறும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்கு மரம் ஏறுதலைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எதற்கு என்று சிலர் வினவலாம். வயல் வரம்போரத்தில் நிற்கும் நாலைந்து தென்னைகளும், வளவின் மூலையில் நிற்கும் பலாவும் ஈரப்பலாவும் வீட்டுச் செலவில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. சேனையிலும் வயலிலும் இராக்காவல் செய்வோர் மரத்திற் கட்டிய பரணில் இருந்தே பன்றியையும் யானையையும் கண்காணிக்கின்றனர். எனவே ஆண்டில் ஒரு முறையேனும் மரத்தில் ஏறாத, அல்லது பிறரை ஏற்றாத, கமக்காரர் நம்மிடையே மிகச் சிலரே.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறுகின்றேன். கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த வீட்டின் பின்புறத்தில் ஒரு தென்னை நின்றது. இரு மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் வந்து காய் பறித்துத் தருவார். அவரை நாங்கள் மாமா என்றே அழைப்போம். ஒரு நாட் காலை மழை பெய்து விட்டிருந்தது. "மரம் காயட்டும், தம்பி, பின்னேரம் ஏறுகிறேன்" என்றார் அவர். வீட்டில் விருந்தினர் இருந்தமையால் நாங்கள் அவரை அவசரப்படுத்தினோம். பாதி உயரத்திற் கால் வழுக்கியது. உயிர் தப்பினார்; ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை. அன்று எங்கள் சமையலுக்கு வேண்டியிருந்தவை இரண்டு தேங்காய்கள். அவசரப்படுத்தியவர்களுள் நானும் ஒருவன்.

1. விழுதலின் வேகம்

நெட்டைத் தென்னை 60 முதல் 80 அடி வரை வளரும். 33 அடி, அதாவது 10 மீற்றர், உயரத்திலிருந்து விழும் ஒருவர் ஒன்றரைச் செக்கனுக்குள் நிலத்தை அடைகின்றார். அவ்வேளையில் அவரது வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அதிற் பாதி உயரத்திலிருந்து விழுந்தாலும் வேகம் மணிக்கு 35 கிலோமீற்றருக்குக் குறையாது. உயரம் பாதியாயின் ஆபத்தும் பாதியாகும் என எண்ணுதல் தவறு. "பலாவிலே பத்தடிதானே" என்று காப்பின்றி ஏறுவோர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

2. நம் நாட்டில் வழங்கும் முறைகள்

கொக்கைத்தடி: மரம் ஏறாமலே காய் பறிக்கும் முறை இது. குருநாகல், புத்தளம், கம்பகா ஆகிய தென்னை முக்கோண மாவட்டங்களில் நீண்ட மூங்கில்களைப் பிணைத்து, நுனியிற் கத்தி கட்டிப் பறிக்கின்றனர். தடி எட்டும் மரத்தில் ஏறவே வேண்டியதில்லை. பறிப்பவர் குலைக்கு நேர் கீழே நில்லாது சற்று விலகி நிற்றல் வேண்டும்.

தளைநார்: யாழ்ப்பாணத்திற் பனை ஏறுவோர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருவது. நாரினாலோ கயிற்றினாலோ ஆன வளையத்துள் இரு பாதங்களையும் நுழைத்து, உள்ளங்கால்களால் மரத்தை இருபுறமும் அழுத்துவர். உடற்பாரம் கீழே இழுக்குந்தோறும் தளை இறுகி, பாதங்கள் மரத்தோடு மேலும் ஒட்டிக்கொள்ளும். கைகளால் மரத்தை அணைத்துக் கால்களை உயர்த்துதல், பின் கால்களை ஊன்றிக் கைகளை உயர்த்துதல் என மாறி மாறி ஏறுவர். மடியில் அடங்கும் இக்கருவியிலும் பாரங்குறைந்தது வேறில்லை. எனினும் தளைநார் ஏறுதற்கு உதவுமேயன்றி, கை தவறியவரைத் தாங்காது. பாசி படர்ந்த ஈரமரத்தில் அதன் பிடிப்பும் குன்றிவிடும்.

கயிற்றுப் பாதை: களுத்துறை, வாதுவை முதலிய தென்மேற்குக் கரையோரங்களிற் கள் இறக்குவோர் தென்னைக்குத் தென்னை தும்புக் கயிறு கட்டி, கீழ்க் கயிற்றிற் கால் வைத்து மேற் கயிற்றைக் கையாற் பற்றி நடப்பர். ஒரு மரத்தில் ஏறிப் பல மரங்களில் வேலை செய்து இறங்குவதனால் உழைப்பு மிகவும் குறைகின்றது. பரம்பரையாகப் பழகியவர்க்கே உரிய இம்முறையை ஏனையோர் பார்த்துப் பின்பற்றலாகாது.

கொடியேணி: வேடர்கள் மலைப்பாறையிலுள்ள பெருந்தேனீக் கூடுகளை எடுக்கக் காட்டுக் கொடிகளால் ஏணி முறுக்கி இறங்கியதை 1911ஆம் ஆண்டில் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் பதிவு செய்துள்ளது. வேட்டைக்கும் தேனுக்கும் காட்டிலே திரிந்தவர்கள் பாரமான கருவி எதனையும் சுமந்து சென்றாரல்லர். வேண்டியதை வேண்டிய இடத்திலேயே செய்துகொண்டனர்.

3. மரத்தைக் காயப்படுத்தலாகாது

ஏறுதற்கு எளிதாகும் என்று தென்னையிற் படி வெட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது மரத்துக்குப் பெருங்கேடு. பலா, மா முதலிய மரங்கள் பட்டையின் உட்புறத்தேயுள்ள வளர்படையினாற் காயத்தை மெல்ல மூடிக்கொள்ளும். தென்னைக்கும் பனைக்கும் அவ்வளர்படை இல்லை. அவற்றில் வெட்டிய காயம் மரம் உள்ளவரை காயமாகவே இருக்கும். அக்காயத்தின் மணத்தை நாடிச் செவ்வண்டு வந்து முட்டையிடும். அதன் புழுக்கள் தண்டின் உள்ளே குடைந்து செல்லும். வெளியில் அறிகுறி தெரியும்போது இளமரம் பெரும்பாலும் காப்பாற்ற இயலாத நிலையை அடைந்திருக்கும். ஆகவே தென்னையிற் படி வெட்டுதல், ஆணி அறைதல், முள் பொருத்திய சப்பாத்துடன் ஏறுதல் ஆகிய மூன்றையும் விலக்குக. கால் வைக்க இடம் வேண்டுமாயின் பொச்சுமட்டைத் துண்டுகளைக் கயிற்றாற் கட்டிப் படியாக்கலாம்.

4. இரண்டு பிடி என்னும் விதி

அமெரிக்கா முதலிய நாடுகளில் மான் வேட்டையாடுவோர் மரத்தில் ஏறிக் காத்திருப்பது வழக்கம். முதுகிற் சுமக்கத்தக்க குட்டையான படித்துண்டுகள், துணிப்பட்டையாலான படிவளையங்கள், இடுப்பிலும் தொடையிலும் அணியும் இருக்கைப் பட்டிகள் ஆகியவற்றை அவர்கள் பயன்படுத்துகின்றனர். அவர்களுக்கு நேரும் காயங்களிற் பெரும்பங்கு துப்பாக்கியினால் அன்று, மரத்திலிருந்து விழுவதனாலேயே நேர்கின்றது. ஆகவே நிலத்தை விட்டுக் கால் எடுக்கும்போதே காப்புக் கயிற்றிற் பிணைய வேண்டும், மீண்டும் நிலத்தில் ஊன்றும் வரை அதனைக் கழற்றலாகாது என்பது அங்கு முதற் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. நமக்கும் இதுவே விதி. கையும் காலும் ஒரு பிடி. கயிறு மற்றொரு பிடி. முதலாவது தவறினால் இரண்டாவது தாங்க வேண்டும்.

கிளையுள்ள மரத்தில்: மணல் நிரப்பிய சிறு பையை மெல்லிய கயிற்றிற் கட்டி, உறுதியான கிளைக்கு மேலாக எறிக. அம்மெல்லிய கயிற்றினால் 12 மில்லிமீற்றர் பருமனுள்ள காப்புக் கயிற்றை இழுத்து, ஒரு முனையை மரத்தின் அடியிற் கட்டுக. தொங்கும் கயிற்றில் 8 மில்லிமீற்றர் பருமனுள்ள சிறு கயிற்று வளையத்தை மூன்று சுற்றுச் சுற்றி, அதனை உடற்பட்டியோடு இணைக்க வேண்டும். 1931ஆம் ஆண்டில் ஒஸ்திரியா நாட்டு மலையேறுநரான கார்ல் புருசிக் என்பவர் வெளியிட்ட முடிச்சு இதுவாகும். பாரம் இல்லாதபோது முடிச்சைக் கையால் மேலே தள்ளலாம். பாரம் விழுந்த உடனே அது கயிற்றை இறுகப் பற்றும். சிறு கயிறு பெருங்கயிற்றின் பருமனுக்குச் சமமாயின் முடிச்சு நன்கு பற்றாது.

கிளையற்ற தென்னையில்: ஓலை மட்டையின் மேற் கயிறு எறியலாகாது, மட்டை கழன்றுவிடும். காப்புப் பட்டியை மரத்தைச் சுற்றி ஒரே சுற்றாக இட்டால், விழும்போது அது மரத்தோடு வழுக்கிக் கீழிறங்கலாம். இரு சுற்றாகவோ, இழுக்க இறுகும் சுருக்காகவோ இடுக.

ஆள் தாங்குதற்கென்றே செய்யப்பட்ட நைலோன் கயிற்றை மட்டும் பயன்படுத்துக. தும்புக் கயிறும், மாடு கட்டும் பிளாத்திக்குக் கயிறும் இதற்கு உதவா. வெயிலில் நாட்பட்டு வெளிறிய கயிற்றையும், ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய கயிற்றையும் ஒதுக்கிவிடுக. தோளையும் தொடையையும் பிடிக்கும் முழுவுடற் பட்டியே சிறந்தது. அதிலும் அசைவற்று நெடுநேரம் தொங்குதல் உயிருக்கு ஆபத்தாதலால், கீழே ஒருவர் துணை நில்லாது ஏறுதல் கூடாது.

5. தென்னை ஏறும் பொறி

மரம் ஏறுவோர் அருகியமையாற் கேரளத்திற் பெருந்தொல்லை உண்டானது. கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரி என்னும் ஊரின் ஜோசப் என்பவர் உருவாக்கிய ஏறுபொறி அங்கு பெரிதும் பரவியது. 2011ஆம் ஆண்டில் இந்தியத் தென்னை வளர்ச்சிச் சபை "தென்னையின் தோழர்கள்" என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்க்கும் பெண்களுக்கும் பொறியினால் ஏறக் கற்பித்தது.

இப்பொறியில் இரு சட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் கம்பிவடத்தினால் மரத்தோடு பிணைப்பர். ஒரு சட்டத்திற் பாரத்தை ஊன்றும்போது அது மரத்தை இறுகப் பற்றும். அந்நேரம் பாரமற்ற மற்றச் சட்டத்தை மேலே தூக்கலாம். சில நாட் பயிற்சியிற் புதியவரும் ஏறலாம் என்பது இதன் நன்மை. ஒரு மரத்திலிருந்து மற்றதற்குக் கழற்றிப் பூட்ட நேரமாவது இதன் குறை. பொறி இருப்பினும் காப்புப் பட்டி வேண்டும்.

6. காவற் பரண்

பரணுக்கு உயிருள்ள பருத்த மரத்தையே தெரிந்துகொள்க. முருங்கையும் இலவமும் எளிதில் முறிவன. பரணின் சட்டங்களை ஆணியால் அறையாது கயிற்றாற் கட்டி, ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் கயிற்றை மாற்றுக. விழும் விபத்துகள் தூக்கக் கலக்கத்தில் நிகழக் கூடியன. ஆதலாற் காவலிருப்பவர் இடுப்புப் பட்டியை மரத்தோடு பிணைத்தே அமர வேண்டும். விளக்கு, தண்ணீர், மண்வெட்டி முதலியவற்றைக் கையிற் கொண்டு ஏறாது, ஏறிய பின் கயிற்றால் இழுத்துக்கொள்க. யானையை வெளிச்சத்தாலும் ஓசையாலும் விரட்டுவதே முறை. அதனைக் கொல்லுதல் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டத்தினாற் குற்றமாகும்.

7. ஏறுமுன் நோக்க வேண்டியவை

(அ) மரம் ஈரமாயின் ஏறற்க. கொழும்பு முதலிய மேற்குப் பகுதிகளிற் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. அம்மாதங்களிற் காலை வேளையே தக்கது.

(ஆ) மின்சாரக் கம்பி அருகிற் செல்லும் மரத்தில் ஏறற்க; தடியும் நீட்டற்க. வெள்ளவத்தை போன்ற நெருக்கமான இடங்களில் இது முதன்மையான கவனத்துக்குரியது. பச்சை மூங்கிலும் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும்.

(இ) குளவிக் கூடு, பட்ட கிளை, தண்டில் துளை ஆகியவை உளவா எனக் கீழிருந்தே பார்க்க.

(ஈ) ஏறுபவர் "இன்று வேண்டாம்" என்றால் அதுவே முடிவு. கூலி கொடுப்பவர்க்கு அதனை மறுக்க உரிமை இல்லை.

8. ஒருவர் விழுந்துவிட்டால்

அவரைத் தூக்கி நிறுத்துவதும் உட்கார வைப்பதும் கூடாது. முள்ளந்தண்டு முறிந்திருப்பின் அச்செயலே அவரை நிரந்தரமாக முடமாக்கலாம். தலையையும் கழுத்தையும் அசையாது பிடித்துக்கொண்டு, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய நோயாளர் வண்டியை வரவழைக்க. முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றிச் செல்லற்க.

மரம் ஏறுதல் ஒரு குலத்தார்க்கு மட்டும் விதித்த இழிதொழில் என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலம் இருந்தது. அவ்வெண்ணத்தினாலேயே அவர்களுடைய உயிர்க்காப்பைப் பற்றி நாம் சிந்தியாது விட்டோம். உயரத்திற் செய்யும் எத்தொழிலையும் போல இதுவும் பயிற்சியும் கருவியும் மதிப்பும் வேண்டிய தொழிலாகும். காப்புக் கயிறும் உடற்பட்டியும் ஒருவர் தனியே வாங்க இயலாவிடின், ஊர்க் கமக்கார அமைப்பினர் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். முடிச்சுகளைத் தேர்ந்தவரிடம் நிலத்தில் நின்றே பலமுறை கட்டிப் பழகிய பின் மரத்தை அணுகுக. ஐயமுள்ளோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறியலாம்.