பத்து மில்லி பொட்டாசியம்

மருத்துவமனை மருந்து அலமாரியில் விரல் நீளமே உள்ள ஓர் ஆம்ப்யூல் இருக்கும். உள்ளே பத்து மில்லி திரவம், பார்வைக்குத் தண்ணீரேதான். மேலே ‘பொட்டாசியம் குளோரைடு 15 சதவீதம்’ என்று அச்சிட்டிருக்கும். செவிலியர்கள் சுருக்கமாகக் கேசிஎல் என்பார்கள். அதில் அடங்கிய பொட்டாசியம் சுமார் 780 மில்லிகிராம். ஒரு பெரிய இளநீரிலும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நாம் பாட்டுக்கு நடந்து போகிறோம். அதே அளவைச் சிரிஞ்சில் எடுத்து நேராக ரத்தக்குழாயில் தள்ளினால், சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடக்கூடும்.

பொருளும் ஒன்று, அளவும் ஒன்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு? நம் உடல் பொட்டாசியத்தை எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தால் புரியும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3,000 மில்லிமோல் பொட்டாசியம் உண்டு. மில்லிமோல் என்பது அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும் அலகு. பொட்டாசியத்தில் ஒரு மில்லிமோல் என்றால் 39 மில்லிகிராம். இந்த 3,000-இல் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேயே இருக்கிறது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா சுமார் மூன்று லிட்டர். லிட்டருக்கு 4 மில்லிமோல் வீதம் அதில் இருப்பது வெறும் 12. ஆம்ப்யூலில் இருப்பதோ 20! இளநீரின் பொட்டாசியம் குடல் வழியாக மெல்ல ஏறுகிறது. அதற்குள் தசைகளும் கல்லீரலும் பெரும்பங்கை இழுத்துக்கொள்கின்றன, மிஞ்சியதைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடுகிறது. சிரிஞ்சிலிருந்து பாய்வதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

செல்லுக்குள் 140, வெளியே 4. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைப்பதில்லை. செல்லின் உறையில் பதிந்திருக்கும் ஒரு புரதம் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்தபடியே இருக்கிறது. இந்தச் சோடியம்–பொட்டாசியம் பம்பை டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் அடையாளம் கண்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், அதற்காக வேதியியல் நோபல் பரிசு பெற்றார். நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகிறது.

இவ்வளவு செலவும் மின்சாரத்துக்காக. பொட்டாசிய ஏற்றத்தாழ்வினால் இதயத் தசைச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 90 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கிறது. ஒவ்வொரு துடிப்பும் இந்த மின்னழுத்தம் சட்டென்று மாறி, பழையபடி திரும்புவதால் பிறக்கிறது. வெளியே பொட்டாசியம் கூடினால் செல் பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் உறைந்துபோகிறது. திறந்த இதய அறுவையில் மருத்துவர்கள் இதயத்தை வேண்டுமென்றே நிறுத்துவதும் பொட்டாசியக் கரைசலைக் கொண்டுதான். லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் 1955-இல் இந்த வழியைக் காட்டினார். மறுபக்கம், பொட்டாசியம் குறைந்துபோனாலும் ஆபத்துதான். துடிப்பின் ஒழுங்கு குலையும், கைகால் துவளும், குடல் அசைவு நின்று வயிறு உப்பும்.

இனி நோயாளியின் படுக்கைக்கு வருவோம். மூன்று நாள் வயிற்றுப்போக்கோடு ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறார். ரத்தத்தில் பொட்டாசியம் 2.6 என்று முடிவு வருகிறது. 3.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்க வேண்டிய எண். மருத்துவர் பொட்டாசியம் எழுதிக் கொடுக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, இனி சிஸ்டர் வந்து டிரிப்ஸ் மாட்டுவார், அவ்வளவே. உண்மையில் அந்த நிமிடத்தில் செவிலியரின் மனத்தில் ஒரு கேள்வி வரிசையே ஓடுகிறது. என் பார்வையில் நவீன மருத்துவத்தின் மிக நுட்பமான வேலைகளில் இது ஒன்று. நாம் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.

முதல் கேள்வி, நோயாளியால் விழுங்க முடியுமா? முடியுமானால், குறைவு மிதமாகவும் இதயத் துடிப்பு சீராகவும் இருந்தால், வாய்வழி மருந்தே பாதுகாப்பானது. பதினைந்து மில்லி சிரப்பில் ஆம்ப்யூலில் உள்ள அதே 20 மில்லிமோல் கிடைத்துவிடும். இவருக்கு 2.6, வாந்தியும் இருக்கிறது. ஆகவே ரத்தக்குழாய் வழிதான்.

இரண்டாவது, சிறுநீர் போகிறதா? உடலிலிருந்து வெளியேறும் பொட்டாசியத்தில் சுமார் 90 சதவீதம் சிறுநீரகம் வழியே போகிறது. அந்த வாசல் அடைபட்டிருக்கும்போது உள்ளே ஏற்றினால் 2.6 விறுவிறுவென்று 6-ஐத் தாண்டும். அதனால்தான் சிறுநீர் சேகரிக்கும் பையில் எத்தனை மில்லி சேர்ந்திருக்கிறது என்று செவிலியர் முதலில் குனிந்து பார்க்கிறார்.

மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: எந்தத் திரவத்தில் கலப்பது? குளுக்கோஸ் பாட்டில் கையருகே இருக்கிறது, நோயாளியும் சோர்ந்து கிடக்கிறார். கொடுத்தால் தெம்பு வரும் என்று தோன்றும். ஆனால் குளுக்கோஸ் ஏறியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்புவதோடு மேலே சொன்ன பம்பையும் முடுக்கிவிடும். ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பொட்டாசியமும் செல்லுக்குள் போய்விடும். பொட்டாசியம் கொடுக்கும் டிரிப்ஸே பொட்டாசியத்தைக் குறைக்கும்! ஆகவே நார்மல் சலைன்.

அடுத்து வேகம். சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிமோல் என்பதே வழக்கமான எல்லை. ஓர் ஆம்ப்யூலை 500 மில்லி சலைனில் கலந்தால், அது குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 83 சொட்டு, அதற்கு மேல் கூடாது. நோயாளி கையை மடக்கினாலும் நீட்டினாலும் சொட்டின் வேகம் மாறும். அதனால் பல மருத்துவமனைகளில் இதற்கென்றே இன்ஃப்யூஷன் பம்பு வைக்கிறார்கள். மணிக்கு 20 மில்லிமோல் வரை கொடுக்க நேர்ந்தால் நோயாளியின் மார்பில் இசிஜி ஒட்டி, திரையைப் பார்த்தபடியே கொடுப்பார்கள்.

கலப்பதிலும் ஒரு பொறி உண்டு. பொட்டாசியக் கரைசல் சலைனைவிட அடர்த்தி கூடியது. தொங்கிக்கொண்டிருக்கும் பையில் அப்படியே ஊசியால் செலுத்தினால் அது அடியில் போய்த் தங்கிவிடும். குழாய் தொடங்கும் இடமும் அதே அடிப்பகுதி. நீர்த்த மருந்து என்று எல்லோரும் நினைத்திருக்க, முதல் சில நிமிடங்களில் செறிந்த பொட்டாசியம் இறங்கும். செவிலியர் பையைக் கழற்றி, குறைந்தது பத்து முறையாவது தலைகீழாகப் புரட்டிக் கலக்கிய பின்பே மாட்டுவது இதற்காகத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த 2.6 என்ற எண் மெய்தானா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. டிரிப்ஸ் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்திருந்தால் மாதிரி நீர்த்துப்போய் எண் பொய்யாகத் தாழ்ந்திருக்கும். கையை இறுகக் கட்டி, மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்திருந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் பொட்டாசியம் கசிந்து, எண் பொய்யாக உயர்ந்திருக்கும். ஆய்வகத்தில் பிழையில்லாமல் அளந்த எண்ணாகவும் இருக்கலாம், படுக்கையில் கிடப்பவரின் எண்ணாக இல்லாமலும் இருக்கலாம். அனுபவமுள்ள செவிலியர் எண்ணையும் இசிஜியையும் சேர்த்தே படிப்பார். பொட்டாசியம் கூடினால் டி அலை கூர்ந்து எழும்பும், குறைந்தால் தட்டையாகும்.

சில நோயாளிகளுக்கு எவ்வளவு ஏற்றினாலும் பொட்டாசியம் உயராது. அங்கே குற்றவாளி வேறொரு தாது, மக்னீசியம். சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறும் நுண்வாசல்களை மக்னீசியம்தான் பாதி மூடி வைத்திருக்கிறது. அது குறைந்தால் வாசல் திறந்துகொள்ளும், ஏற்றியதெல்லாம் சிறுநீரில் போய்விடும். முதலில் மக்னீசியத்தைச் சரிசெய்தால்தான் பொட்டாசியம் உடலில் தங்கும்.

சர்க்கரை நோய் முற்றி ரத்தம் அமிலமாகி வருபவர்களிடம் இந்தக் கணக்கு இன்னும் தந்திரமானது. அவர்களுக்கு இன்சுலின் அவசரம். ஆனால் பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருக்கையில் இன்சுலினைத் தொடங்கினால் இதயம் தடுமாறும். உயிர் காக்கும் மருந்து கையில் இருந்தும், சற்றுக் காத்திருந்து, பொட்டாசியத்தை ஏற்றிய பிறகே தொடங்க வேண்டும்.

இத்தனை கேள்விகளும் சரியான ஆம்ப்யூலைக் கையில் எடுத்தால்தான் பயன்படும். கேசிஎல், ஊசிமருந்து கலக்கும் சுத்த நீர், சலைன் மூன்றும் ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் ஆம்ப்யூல்களில், ஒரே நிறமற்ற திரவமாக வருவதுண்டு. அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் அமைப்பு 1998-இல் மருத்துவமனைகளுக்கு வெளியிடத் தொடங்கிய எச்சரிக்கை வரிசையில் முதல் இதழே இந்த ஆம்ப்யூலைப் பற்றியதுதான். செறிந்த கேசிஎல் தவறுதலாக நேரே செலுத்தப்பட்ட மரணங்களை அது ஆராய்ந்தது. வார்டு அலமாரியிலிருந்தே அதை எடுத்துவிடுங்கள் என்பது அதன் முடிவு. இன்று இது ‘உயர் எச்சரிக்கை மருந்து’, அதாவது பிழை நேர்ந்தால் பெருந்தீங்கு செய்யும் மருந்து. தனிப் பெட்டி, சிவப்பு லேபிள், கலக்கும் முன் இரண்டாவது செவிலியர் ஒருவர் தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்த்தல் எல்லாம் அந்தப் பாடத்திலிருந்து வந்தவை. மறதியும் களைப்பும் எல்லோருக்கும் வரும் என்று ஒப்புக்கொண்டு, கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது எச்சரிக்கைப் பலகையைவிட மேலான அறிவு.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் கையோடு கொண்டுபோங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை உயர்த்தும், சில இறக்கும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதிலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் மருத்துவரைக் கேட்டே. பாட்டில் மாட்டும் முன் செவிலியர் உங்கள் பெயரை மூன்றாவது முறையாகக் கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். டிரிப்ஸ் மெதுவாக ஓடுகிறதே என்று நீங்களாகச் சக்கரத்தைத் திருகி வேகப்படுத்தாதீர்கள்.