கல்நாரும் புடைச்சவ்வுப் புற்றுநோயும்: வன்னியை முன்வைத்து ஒரு நோக்கு

காரணமும் நோயும் அடுத்தடுத்து நிகழுமாயின் அவற்றைத் தொடர்புபடுத்துதல் எளிது. இடையில் ஒரு தலைமுறை கழியுமாயின் காரணம் மறக்கப்பட்டுவிடும். மீசோதெலியோமா எனும் புற்றுநோய் இவ்வகையினது. 2009 மே மாதத்துடன் போர் முடிவுற்ற வன்னிப் பெருநிலப்பரப்பிலே இந்நோய் பற்றி நாம் இப்போதே சிந்திக்கவேண்டியிருப்பதும் இதனாலேயே.

நுரையீரலைச் சூழ்ந்துள்ள மெல்லிய இரட்டைச் சவ்வு புடைச்சவ்வு எனப்படும். மீசோதெலியோமா பெரும்பாலும் இதிலும், சிறுபான்மை வயிற்றறைச் சவ்விலும் தோன்றுகின்றது. அதன் முதன்மைக் காரணி, வழக்கில் அஸ்பெஸ்ரோஸ் என வழங்கும் கல்நாராகும். கல்நாரின் இழைகள் நீளவாக்கில் மேன்மேலும் பிளந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்மையை அடைவன. மூச்சுடன் உட்சென்ற நீண்ட இழைகளை உடலின் விழுங்கு கலங்களால் முற்றாக விழுங்க இயலாது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி கலங்களின் பரம்பரையலகுகளைச் சிதைத்துப் புற்றுநோய்க்கு வழிகோலுகின்றது. இதற்குப் பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் செல்லும். புகைத்தல் இந்நோய்க்குக் காரணமன்று. ஆயின் கல்நாருடன் புகைத்தலும் சேரும்போது நுரையீரற் புற்றுநோயின் அபாயம் பன்மடங்காகின்றது.

இத்தொடர்பை ஐயத்திற்கிடமின்றி முன்வைத்தது, 1960இல் வாக்னரும் அவர்தம் சகபாடிகளும் தென்னாபிரிக்காவிலிருந்து வெளியிட்ட ஆய்வாகும். அவர்கள் விவரித்த 33 நோயாளருள், சுரங்கத்தில் வேலை செய்யாது அதன் அயலில் வாழ்ந்தோரும் அடங்குவர். 1965இல் நியூஹவுஸ், தொம்சன் ஆகியோர் இலண்டனில் நிகழ்த்திய ஆய்வு, கல்நார்த் தொழிலாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தோரிடத்தும் இந்நோயைக் கண்டது. ஆகவே இதனைத் தொழிற்சாலைச் சுவர்களுக்குள் அடங்கிய நோயாகக் கருதுதல் பொருந்தாது.

இலங்கை தனக்கு வேண்டிய கல்நாரை இறக்குமதி செய்கின்றது. நீலக் கல்நார் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெண்கல்நார் கூரைச் சீற்றுகளில் தொடர்ந்தது. வெண்கல்நார் தீங்கற்றது என்னும் வாதம் ஏற்கத்தக்கதன்று. எல்லா வகைக் கல்நாரும் மனிதரிற் புற்றுநோய் விளைவிப்பனவென்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் முடிவு. 2018 முதல் இறக்குமதியைத் தடைசெய்வதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. 2017 டிசெம்பரில், கல்நாரை வழங்கும் முதன்மை நாடான ருஷ்யா, பொதியொன்றிற் பூச்சி காணப்பட்டதெனக் கூறி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களுள் கல்நார்த் தடை தளர்த்தப்பட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. தேயிலைச் சந்தையும் மக்களின் மூச்சும் ஒரே தராசில் வைக்கப்பட்டபோது, எது கீழிறங்கிற்று என்பதை விளக்கவேண்டியதில்லை.

இனி வன்னியை நோக்குவோம். கிடுகும் பனையோலையும் வேய்ந்த கூரைகளின் இடத்தைச் சீற்று பெருமளவிற் பிடித்தது. உடையாத சீற்றிலிருந்து இழைகள் மிகக் குறைவாகவே வெளிப்படும். அறுத்தல், துளையிடுதல், உடைத்தல் என்பனவே அவற்றைக் காற்றிற் கலக்கின்றன. எறிகணைவீச்சு இவ்வுடைத்தலின் மிகக் கொடிய வடிவமாகும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மீளக்குடியேறியோர் தம் வளவுகளில் இடிபாடுகளை அகற்றவேண்டியிருந்தது. உடைந்த சீற்றுத் துண்டுகள் வேலி மறைப்பாகவும் கோழிக்கூட்டின் கூரையாகவும் மீளப் பயன்படுவதும் உண்டு.

இதனால் அனைவரும் நோயுறுவர் எனக் கொள்ளலாகாது. இது அரிய நோய். உட்சென்ற இழைகளின் அளவுக்கேற்ப அபாயம் கூடும். ஆயினும் தீங்கற்றதென உறுதிப்படுத்தப்பட்ட அளவு எதுவும் இல்லை. 2009இற் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு 2049இல் ஐம்பது வயதாகும். அன்று அவர் மூச்சுத்திணறலும் புடைச்சவ்வில் நீருமாக வைத்தியசாலைக்கு வருவாராயின், முதலிற் காசநோயே ஐயுறப்படலாம். இழையப் பரிசோதனை நோயைக் காட்டும். காரணத்தைக் காட்ட, அவர் எங்கு வாழ்ந்தார், எதனைக் கையாண்டார் என்னும் பதிவு வேண்டும்.

ஆகவே இரு பணிகள் உடனடியானவை. உடைந்த சீற்றுகளை நனைத்து, மேலும் உடைக்காது பொதிந்து, ஆழப் புதைத்தல் ஒன்று. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகளிலும் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலும் நோயாளரின் தொழில், வாழிட வரலாற்றைக் குறித்துவைத்தல் மற்றொன்று. மலிவான கூரையைத் தேடும் ஏழையின்மீது இப்பொறுப்பைச் சுமத்துதல் நீதியன்று. அது அரசுக்கும் வீடமைப்புத் திட்டங்களை வகுப்போருக்கும் உரியது. இன்று பதியப்படாத காரணத்தை நாற்பதாண்டு கழித்து எவராலும் நிறுவ இயலாது.